கியர் பெட்டியில் குறையில்லை

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஆயில் அளவு பார்ப்பதென்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஐயா. வண்டி சமதரையில் நிற்க வேண்டும், ஆயில் சூடாக இருக்க வேண்டும். ராஜபாளையத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். தென்காசி ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு பின்னால் திறந்த தட்டு வைத்த அந்த பிக்கப் வந்த எண்பத்தொன்பதாம் வருஷம், இந்தப் பக்கம் கிளட்ச் இல்லாத வண்டி வேறு எதுவும் கிடையாது.

பேண்டேஜ் துணி மில் வைத்திருக்கும் சுந்தரபாண்டியன் முதலாளியின் வண்டி அது. குவைத்தில் இருந்த அவருடைய மச்சான் கப்பலில் கொண்டுவந்து, இங்கே பராமரிக்க ஆளில்லாமல் இவரிடம் தள்ளிவிட்டார். மதுரையில் இரண்டு பட்டறைகளில் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் கியர் பெட்டியை இறக்கினேன். சாக்கை விரித்து அதன்மேல் ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி வைத்து, எது எதைத் தள்ளுகிறது என்று நாலு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பூட்டினேன். அதற்கப்புறம் ஐந்து வருஷத்தில் அந்த வண்டி ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை.

அது சும்மா ஒன்றும் அப்படி ஓடவில்லை. மெட்ராஸிலிருந்து ஆயில் வரவழைப்பேன். அது சிவப்பாக இருக்கும். கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தகடுகள் தேய்கின்றன என்று அர்த்தம். அந்த வாடை வர நான் விட்டதே இல்லை. நாள் தப்பாமல் மாற்றினேன், வடிகட்டியைக் கழுவினேன். அதிக பாரம் ஏற்றாதே, சூடேறினால் ஓரங்கட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொன்னது டிரைவர் பால்பாண்டியிடம். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பின்னால் உருண்டுகொண்டிருக்கிற வண்டியை நிறுத்தாமலே முன்கியருக்குத் தள்ளுவான். அதைவிட மோசம், கைபிரேக்கே போட மாட்டான். லீவரை 'பார்க்கிங்'கில் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விடுவான். அப்படித் தள்ளினால் பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு நாக்கு ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் விழுந்து பூட்டிக்கொள்ளும். முழு வண்டியின் பாரமும் அந்த ஒரு விரலில் நிற்கும். அதனால்தான் முதலில் கைபிரேக், பிறகு பார்க்கிங். இதை அவனிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குக் கணக்கில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஆயுத பூஜை அன்று மில் வளாகத்தில் முதலாளியிடமே சொன்னேன். வண்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் பெண்கள் எல்லாரும் நின்றார்கள்.

"ஏம்யா சுயம்புலிங்கம், இத்தன வருசத்துல ஒரு தரமாவது நின்னுருக்கா? கெட்டுப்போகும் கெட்டுப்போகும்னு நீரு ஒருத்தருதான் சொல்லுதீரு. வெளிநாட்டு வண்டியா, அது பாட்டுக்கு ஓடுது" என்றார் முதலாளி.

பால்பாண்டி சிரித்தான். "அண்ணாச்சி, நீங்க வண்டிக்கு வைத்தியம் பாத்தாப் போதும். எனக்கு வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. யோசித்தேன். என் வேலை சரியாக இருந்ததால்தான் என் பேச்சு பொய்யாகிவிட்டது. கெடாத வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படியென்றால் ஒரு தடவை அது கெட வேண்டும். நியாயமாக யோசிக்கிற யாரும் இந்த இடத்துக்குத்தான் வந்துசேருவார்கள்.

அடுத்த வருஷம் ஆவணியில் வண்டி சர்வீஸுக்கு வந்தபோது அந்த நாக்கைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் இடத்தில் நானே செய்த ஒன்றைப் பூட்டினேன். மூன்று நாள் அரம் போட்டேன், ஐயா. நுனியை எவ்வளவு குறைத்தால் சமதரையில் பிடிக்கும், எவ்வளவு குறைத்தால் சரிவில் நழுவும் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். மில் வளாகம் சமதரை. அங்கே ஒன்றும் ஆகாது. புரட்டாசிச் சனிக்கிழமை மில்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலைமேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போவார்கள். அடிவாரத்தில் வண்டி நிறுத்துகிற இடம் நல்ல சரிவு. அங்கே வண்டி பின்னால் உருண்டு ஏதாவது மரத்தில் முட்டும், பம்பர் நசுங்கும், பால்பாண்டி தலைகுனிவான் என்று கணக்குப் போட்டேன். கைபிரேக் போட்டிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அவன் கையில்தான் இருந்தது எல்லாம்.

நானும் போனேன். பின்னால் பத்துப் பேர், நடுவில் புளியோதரை அண்டா. பேக்கிங்கில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாய் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள், அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணாச்சி கோயிலுக்கெல்லாம் வருவீயளா? வண்டிக்கு அடியிலதான் குடியிருக்கீயன்னு நெனச்சேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கையில் வெற்றிலையும் கொடுத்தாள்.

அடிவாரத்தில் பால்பாண்டி வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினான். லீவரைத் தள்ளினான், இறங்கினான். கைபிரேக்கைத் தொடவில்லை. நான் ஒரு புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி வெள்ளைத்தாயி, செத்த வந்து அண்டாவப் பிடி" என்று பால்பாண்டி வண்டியின் பின்தட்டில் ஏறினான். அவள் பின்கதவுக்கு நேரே வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அண்டாவை இழுத்தான், வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் அது என்ன சத்தம் என்று தெரியும்.

வண்டிக்குப் பின்னால் இருபதடி தள்ளி ஒரு கல்சுவர் இருந்தது. மரத்தைத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன், சுவரை அல்ல. பால்பாண்டி மேலே நின்று கத்தினான், அவனால் பிரேக்குக்குப் போக முடியவில்லை. வண்டி வெள்ளைத்தாயைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. வண்டி நின்ற பிறகு புளியோதரை எல்லாம் சரிந்து அவள்மேல் கொட்டிக்கிடந்தது.

போலீஸ் வண்டியைக் கட்டி இழுக்கப் பார்த்தார்கள். பின்சக்கரத்தைத் தூக்காமல் இழுத்தால் கியர் பெட்டி போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். அரைமணி நேரம் வாதாடி, சக்கரத்தைத் தூக்கவைத்து, என் பட்டறைக்கே கொண்டுவந்தேன். மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்க்க வருவதற்குள் பழைய நாக்கைப் பூட்டிவிட்டேன். அவர் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன்: பெட்டியில் குறையில்லை, டிரைவர் கைபிரேக் போடவில்லை. இரண்டும் உண்மை. பால்பாண்டி கூண்டில் நின்று, "நான் பார்க்கிங்ல போட்டேன் ஐயா, சத்தியமாப் போட்டேன்" என்று அழுதான். அதுவும் உண்மைதான். இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். அவன் சம்சாரம் அவனைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாள் என்றார்கள்.

இப்போது ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தி வரவில்லை. போன மாதம் பால்பாண்டி வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "சுயம்புலிங்கம் பூட்டின கியரு நழுவிட்டு. அரைகுறை வேலை. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்கிறான். ஜனங்களும் தலையை ஆட்டுகிறார்கள். முதலாளியும் இந்த ஆட்டோமேட்டிக்கே நம்ப முடியாத வண்டி என்று சொல்லிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நான் பூட்டிய எதுவும் தானாக நழுவாது. அது நழுவியது, நான் நழுவ வைத்ததால். எந்தச் சரிவில் என்று நினைத்தேனோ அந்தச் சரிவில் நழுவியது. இதோ, மேஜைமேல் வைத்திருக்கிறேன், நான் செய்த நாக்கு. கையில் எடுத்துப் பாருங்கள். அரைகுறை வேலையா இது?

அவள் வந்து பின்னால் நின்றதைப் பார்த்தாயா என்கிறீர்கள். பார்த்தேன். புளியமரத்துக்கும் அவளுக்கும் பத்தடிகூட இராது. மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்டிருக்கும். கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவளை நகரச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், பால்பாண்டி உஷாராகி இறங்கிப்போய் கைபிரேக்கை இழுத்துவிடுவான், பாடுபட்டுச் செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கைபிரேக் போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஜனங்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.