எழுபத்து நாலாம் வருடத்துக் குடித்தனக்காரர்

புடாபெஸ்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்து, வெந்நீர்க் குளத்தில் ஊறிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தேடிப்பிடித்து எங்கள் எட்டாம் வட்டாரத்துக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ரசனை கூடுதல் என்று நான் எப்போதும் சொல்வேன்.

என் பெயர் ஒட்டிலியா வாதாஸ். பதினொரு வருடமாக அங்கே ஒரு பழைய குடியிருப்பில் இருக்கும் வீட்டு அருங்காட்சியகத்துக்கு நான்தான் பொறுப்பாளர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. 1974-இல் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்ந்ததோ அப்படியே வைத்திருக்கிறோம். வானொலி, பூப்போட்ட சுவர்க்காகிதம், எனாமல் பாத்திரம் எல்லாம் அசல். கூடவே திவதார் மாமாவும் இருந்தார். அது அவர் வீடு. உயிரோடு இருக்கும்வரை அங்கேயே வசிக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் வட்டார நிர்வாகத்திடம் ஒப்படைத்திருந்தார்.

முதலில் எனக்கு அது தொந்தரவாகத்தான் பட்டது. பிறகு பார்வையாளர் குறிப்பேட்டைப் படித்தேன். வானொலியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. சமையலறையில் உட்கார்ந்து பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை வெங்காயத்தோடு கடித்துக்கொண்டு, வருகிறவர்களை வம்புக்கிழுக்கும் கிழவரைப் பற்றியே எழுதியிருந்தார்கள். 'பெரியவர் அச்சு அசலாக இருக்கிறார்' என்று ஒரு ஜெர்மன்காரி பாராட்டியிருந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் கிசெல்லா வந்தார். செகெத் ஊர்க்காரர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். வந்ததும் வானொலியின் குமிழைத் திருகப் போனார்.

"தொடாதீங்கம்மா, அது காட்சிப்பொருளு" என்றார் திவதார் மாமா.

"அப்ப நீங்க?"

"என்னைத் தொடலாம். கேக்க ஆளில்ல."

அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மறுவாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். எங்கள் இடத்துக்கு மூன்று முறை டிக்கெட் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பரில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஒட்டிலியாம்மா, ஈஸ்டர் முடிஞ்சதும் நான் செகெத் போறேன். கிசெல்லா வீட்ல ஒரு ரூம் சும்மா கெடக்காம்."

"சுத்திப் பாக்கவா மாமா?"

"எழுபத்தஞ்சு வயசுல என்னத்தைச் சுத்திப் பாக்குறது? இருக்கத்தான் போறேன்."

நான் கோபப்படவில்லை. அன்று மாலை பதிவேட்டைத் திறந்து, இத்தனை வருடம் விட்டுப்போயிருந்த ஒரு பதிவைச் சேர்த்தேன். 'பொருள் எண் 212. ஆண். இயங்கும் நிலையில் உள்ளது.' அவ்வளவுதான்.

அதன்பின் நடந்தவை எல்லாம் பராமரிப்பு. அவருடைய கைபேசியை எடுத்து வைத்தேன். 1974-இல் அந்த வீட்டில் தொலைபேசியே கிடையாது. அவருடைய மூக்குக்கண்ணாடியை மாற்றி, பழைய பொருள் சந்தையில் அந்தக் காலத்துக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். பவர் சரியில்லை என்று முனகினார். சட்டம் அவருக்கு எடுப்பாக இருந்தது. கிசெல்லாவின் கடிதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்கிறீர்கள், சார். அது தவறு. ஒவ்வொன்றையும் படித்து, தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். எழுத்து மூலம் விண்ணப்பித்தால் யாரும் பார்க்கலாம். வீட்டைப் பூட்டியும் வைக்கவில்லை. அவர் காலணிகள் பழுதுபார்ப்பில் இருந்தன, வெளியே பனி, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது மாத்திரைதான். இதயத்துக்கான மாத்திரை. பளபளக்கும் அந்த அட்டை எழுபதுகளின் மேசைமேல் கிடப்பது கண்ணை உறுத்தியது. ஒரு பழைய தகரடப்பியில் போட்டு மூடினேன். ஆனால் மூடிவிட்டால் நேர்மை வந்துவிடுமா? உள்ளே இருப்பது போன வருடத்துச் சரக்குதானே? இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு அந்தக் காலத்திலேயே இருந்த வெள்ளைப் புதினா மிட்டாயை வாங்கி மாற்றி வைத்தேன்.

"என்னம்மா இது, மாத்திரை இனிக்குது?"

"புதுசா வந்திருக்கு மாமா."

அந்த வீட்டுக்குள் ஒரு பொருளைப் புதிது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்தப் பொய் இன்னமும் என்னைக் குத்துகிறது.

மிட்டாயை மாற்றி வைத்த பத்தொன்பதாம் நாள், ஒரு சுற்றுலாக் குழுவின் எதிரே, ரொட்டியும் கையுமாக அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். நடிப்பு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லையே என்று பதறி, அன்றுதான் கிசெல்லா ரயிலேறி வந்திருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"ஏய், பாத்துக்கிட்டு நிக்கிறியே, நீ மனுஷிதானா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சும்மா நிற்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் காலணி உறை போடாமல் விரிப்பை மிதித்துவிடக் கூடாதே என்று உறைகளை எடுக்க ஓடினேன்.

ஆமாம் சார், மாத்திரையை மாற்றியது நான்தான். அது இல்லாவிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து என்பது தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

நேற்று மருத்துவமனைக்குப் போய்க் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மாமாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி, பச்சை வண்ண ஆஸ்பத்திரிச் சட்டை. கிசெல்லாவின் கைபேசியில் எதையோ பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனிதரை எப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறார்கள், சார். ஆனாலும் கவலையில்லை, என்னிடம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், ஒரே மாதத்தில் பழையபடி ஆக்கிவிடுவேன்.