வெயிலில் தெரியாத நம்பர்

திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு நீ செஞ்ச வெப்சைட்டு ஒங்க அண்ணனைக் கொல்லப் பாத்துச்சு" என்றார் மூத்தவர்.

இளையவள் திடுக்கிட்டாள். "என்ன மதினி சொல்றீக?"

"பருத்திக் காட்டுல அவுகளைப் பாம்பு கடிச்சதும், ஆஸ்பத்திரி நம்பருக்கு அதைத்தான் தொறந்தேன். ஒரே பூப்படமா ஓடுது. நம்பரு அடியில, வெள்ளையில சாம்பக் கலரு. வெயில்ல ஒண்ணுமே தெரியல. பருத்தி லோடு ஏத்த வந்த வண்டிக்காரருதான் தூக்கிட்டு ஓடுனாரு."

"ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"ஒங்க அண்ணன்தான், தங்கச்சி தாங்கமாட்டா, சொல்லாதன்னாக. இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் செய்யப்போறேங்கிறியே, அதான் சொல்லிட்டேன்."

இளையவள் அழவில்லை. போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து, பூக்களை அழித்தாள். நம்பரைக் கறுப்பில், பெரிதாக, உச்சியில் வைத்தாள். ஜன்னல் வெயிலில் நீட்டினாள்.

"இப்பத் தெரியுதா மதினி?"

பஸ் குலுங்கியதில் அவருக்கு வாசிக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.