பின் சீட்டின் கீழே இரண்டு விநாடிகள்

விழுப்புரம் நீதித்துறை நடுவர் முன்பாக 02.07.2025 புதன்கிழமை முற்பகல் தாமாக முன்வந்து அளித்த வாக்குமூலம்.

பெயர்: காந்திமதி. வயது: 46. கணவர் பெயர்: விருத்தாசலம். படிப்பு: பி.எஸ்சி. இயற்பியல். தொழில்: கணவரின் கார் ஒர்க் ஷாப்பில் உடன் வேலை. இருப்பிடம்: ஒர்க் ஷாப்பின் மாடி, செஞ்சி ரோடு, திண்டிவனம்.

நான் மேலே சொன்ன முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும், எதுவும் சொல்லாமல் திரும்பிப் போக எனக்கு உரிமை உண்டு என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அந்த நேரம் முழுவதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. என்னை யாரும் தூண்டிவிடவில்லை. என் கணவர் போக வேண்டாம் என்றுதான் சொன்னார்.

என் கணவர் முப்பது வருடமாக கார் மெக்கானிக்காக இருக்கிறார். எஞ்சின் ஓடும்போது பானெட்டின் மேல் சாய்ந்து கேட்டே குறை எங்கே என்று சொல்லிவிடுவார் என்று திண்டிவனத்தில் அவருக்குப் பெயர் உண்டு. 2019ஆம் ஆண்டில் அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டியதில், இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி திரும்பாது என்றார்கள். காதுக் கருவி வாங்கினோம். அதை அவர் மாடியில் மட்டும் போட்டுக்கொள்வார், ஒர்க் ஷாப்புக்கு இறங்கும்போது கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவார். இந்த விஷயம் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் யாராவது ஏதாவது கேட்டால் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது பொருந்திவிடும்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பார்க்க வேண்டியவை ஒரு வரிசையில் உள்ளன. முதலில் பேட்டரி, அதன் பிறகு பிளக்கில் பொறி வருகிறதா என்பது, அதன் பிறகு பெட்ரோல் வருகிறதா என்பது. முதல் இரண்டுக்கும் கண் போதும். பெட்ரோல் பம்பு டேங்குக்குள், பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சாவியைப் பாதி திருப்பியதும், எஞ்சின் சுற்றுவதற்கு முன்பே, பம்பு இரண்டு விநாடி ஓடி நிற்கும். சீட்டைத் தூக்கிவிட்டு, பம்புக்கு மேலுள்ள மூடியில் காது வைத்தால் மெல்லிய ஒரு ரீங்காரம் கேட்கும். 2020 முதல் அந்தக் காது என்னுடையது. அவர் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார், நான் பின்னால் குனிந்திருப்பேன். கேட்டால் அவர் சாய்ந்திருக்கும் சீட்டின் முதுகில் ஒரு முறை தட்டுவேன். கேட்காவிட்டால் இரண்டு முறை. அவர் தலையாட்டிவிட்டு, தானே கேட்டது போல் வண்டிக்காரரிடம் சொல்வார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நான் பின்னால் உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பெட்ரோல் அழுத்தத்தை அளக்க கேஜ் என்று ஒரு கருவி உண்டு. காதுக்கு அதில் வேலை இல்லை, முள்ளைப் பார்த்தால் போதும். 2021இல் நானே ஒன்று வாங்கி வந்தேன். "காது இல்லாதவனுக்குத்தான் கேஜு" என்று முன்பு அவர் வேலை கற்க வந்தவர்களிடம் சொல்வதுண்டு. அதனால் அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், தேவசகாயம் என்ற பள்ளி ஆசிரியரின் காரில் எனக்கு ஒலி கேட்காமல் இரண்டு முறை தட்டினேன். என் கணவர் பம்பைக் கழற்றினார். பம்பு நன்றாக இருந்தது, ஒரு ஒயர்தான் லூசாகியிருந்தது. "இன்னா மெக்கானிக்கு, நல்லா ஓடுற பம்ப கழட்டி வச்சிக்கினு கீறீங்க? காது கீது போயிடிச்சா?" என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டு கேட்டார். அவர் அதை விளையாட்டாகத்தான் கேட்டார். என் கணவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அதன் பிறகு இரண்டு முறை தட்டுவதற்கு என் கை தயங்கும்.

10.06.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் ஒன்பது மணிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரி ஜெகதீசன் தன் காரை எடுத்து வந்தார். அவர் மனைவி அம்சாவும் உடன் வந்தார். அம்சாவுக்குக் காலில் ஆறாத புண். திங்கள்கிழமைதோறும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றி வருவார்கள். முந்தின நாள் திரும்பி வரும்போது கார் ரோட்டில் நின்றுவிட்டதாகவும், கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனதாகவும் சொன்னார்கள். "சூடு ஏறினா நின்னுடுது, ஆறினா ஓடுது. எங்க வூட்டுக்காரரு மாதிரியே" என்று அம்சா சொன்னார். நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து என் கணவரும் சிரித்தார்.

வண்டி ஆறியிருந்த நிலையில் பேட்டரி, பொறி இரண்டும் சரியாக இருந்தன. பம்பு ஒலி தெளிவாகக் கேட்டது, ஒரு முறை தட்டினேன். சூடேறிய பிறகுதான் குறை தெரியும் என்பதால், கேஜை இப்போதே மாட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஜெகதீசனை ஒரு முறை பார்த்துவிட்டு, "அதெல்லாம் வேணாம் மதி" என்றார். நான் மறுபடி சொல்லவில்லை.

அதன் பிறகு அவரும் ஜெகதீசனும் காரை ஒலக்கூர் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். சுமார் பதினொன்றரை மணிக்கு ஒர்க் ஷாப் வாசலில் கார் நின்றுவிட்டது. அது நல்லதுதான். நிற்கிற நேரத்தில் பார்த்தால்தான் காரணம் கிடைக்கும். ஆறிவிட்டால் குறை மறைந்துவிடும் என்பதால் எங்களுக்கு இருந்தது பத்து நிமிடம். தள்ளி உள்ளே கொண்டுவந்ததும் என் கணவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நீலமாக வந்தது. அதன் பிறகு நான் பின்னால் ஏறி மூடியில் காது வைத்தேன். அவர் சாவியைத் திருப்பிய அதே நேரத்தில், பக்கத்துப் பங்க்சர் கடை மாரியப்பனின் காற்றுக் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அது காற்று குறைந்தால் தானாக ஓடும். வழக்கமாக நான் கையைக் காட்டினால் மாரியப்பன் நிறுத்திவிடுவார். அன்று அவர் டீக்கடைக்குப் போயிருந்தார்.

முதல் முறை கம்ப்ரசர் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் தட்டவில்லை. அவர் மறுபடி திருப்பினார். அப்போதும் அப்படித்தான். "அண்ணி பின்னாடி தூங்கிட்டாங்களா?" என்று ஜெகதீசன் கேட்டார். "சும்மா இருய்யா. அவங்க வேல செய்யட்டும்" என்று அம்சா சொன்னார். என் கணவருக்கு இரண்டுமே கேட்டிருக்காது. அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, என் தட்டலுக்காக முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறை சாவியைத் திருப்பினார். கம்ப்ரசர் சத்தத்துக்குள் ஏதோ ஒரு மெல்லிய ரீங்காரம் இருப்பது போல் இருந்தது. நான் ஒரு முறை தட்டினேன்.

அந்த ஒலி உண்மையில் கேட்டதா என்று நடுவர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. தெரியவில்லை என்பதற்கு எங்களிடம் தட்டல் இல்லை. கம்ப்ரசரை நானே எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். பத்து அடி தூரம்தான்.

பொறியும் இருக்கிறது, பம்பும் ஓடுகிறது என்றால் வழியில் அடைப்பு இருக்க வேண்டும் என்று என் கணவர் முடிவு செய்தார். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு சரியானதே. பெட்ரோல் பில்டரைக் கழற்றினார், கறுப்பாக அழுக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது. புதுப் பில்டர் போட்டார். அதற்குள் வண்டி ஆறிவிட்டது, உடனே ஸ்டார்ட் ஆயிற்று. மாலை டேங்கு நிரப்பி, மறுபடி ஒலக்கூர் வரை ஓட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பம்பைக் குளிர வைப்பது டேங்கில் உள்ள பெட்ரோல்தான். டேங்கு நிறைந்திருந்தால் கெட்டுப்போன பம்பும் சில நாள் தாக்குப்பிடிக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம். அன்று நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும்போது அம்சா அவித்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். பின் சீட்டில் காலை நீட்டி உட்காருவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அக்கா, நம்பி ஏறலாமா?" என்று கேட்டார். அவர் என் கணவரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "ஏறுங்க" என்றேன்.

16.06.2025 திங்கள்கிழமை காலை சுமார் பத்தே முக்கால் மணிக்கு, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, கார் ஓட்டத்தில் நின்றுவிட்டது. ஜெகதீசன் இறங்கி பானெட்டைத் தூக்கப் போனதாகவும், பின்னால் வந்த லாரி மோதியதாகவும் தெரிந்துகொண்டேன். லாரி வந்த வேகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அம்சா பின் சீட்டில் இருந்தார். 18ஆம் தேதி விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் சாவுக்குப் போனேன். ஜெகதீசன் என்னைப் பார்த்து, "அண்ணி, பம்பு நல்லா கீதுன்னு அண்ணன் சொன்னாரே" என்று மட்டும் சொன்னார். நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் பம்பைக் கழற்றிப் பார்த்து, மோட்டார் சுருள் கருகியிருப்பதாகவும், அது விபத்தால் ஆனதல்ல, பல நாள் சூட்டில் ஆனது என்றும் எழுதியதாக அறிந்தேன். 20ஆம் தேதி போலீசார் என் கணவரை விசாரித்தார்கள். பம்பு ஒலியைத் தானே காதால் கேட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார். மாடிக்கு வந்து கருவியை மாட்டிக்கொண்ட பிறகு என்னிடம், "மதி, நீ கம்முனு இரு. கேஸு எம்மேலயே போவட்டும். காது கேக்காதவன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வண்டி உடுவான்?" என்றார். "அம்சா என்னத்தான கேட்டாங்க" என்றேன். அவர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டார்.

நானும் ஆறு நாள் கம்மென்று இருந்தேன். 26ஆம் தேதி வேறொருவரின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தது. வழக்கம்போல் பின் சீட்டைத் தூக்கி, மூடியில் காது வைத்தேன். என் கணவர் சாவியைத் திருப்பினார். பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை, பம்பு ஒலி மிகத் தெளிவாகக் கேட்டது. என்னால் தட்ட முடியவில்லை. அவர் மறுபடி திருப்பினார், மறுபடியும் கேட்டது. நான்காவது முறைக்குப் பிறகு அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான் இறங்கிப் போய் அலமாரியிலிருந்து கேஜ் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். வண்டிக்காரர், "இது இன்னாங்க புதுசா?" என்று கேட்டார். "இவருக்குக் காது கேக்காதுங்க. இதுல பாத்துத்தான் சொல்லணும்" என்றேன். அவர் வேறு இடத்தில் காட்டிக்கொள்வதாகச் சொல்லி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து இன்று வரை எங்கள் ஒர்க் ஷாப்புக்கு இரண்டு வண்டிதான் வந்துள்ளது.

ஆகவே 10.06.2025 அன்று பம்பு ஓடுவதாகச் சொன்னது என் கணவர் அல்ல, நான். நிச்சயம் இல்லாத ஒன்றை நிச்சயம் என்று தட்டியது என் கை. காது கேட்காததை மறைத்தது அவர் செய்த தவறு. அதற்கு ஐந்து வருடம் துணை போனது என் தவறு. அம்சாவுக்குப் பதில் சொன்னது நான் மட்டும்.

இன்று காலை நான் பஸ் ஏறியபோது என் கணவரும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது வெளியே வராந்தாவில் இருக்கிறார். கருவியைப் போட்டுக்கொண்டு வரவில்லை. அவரை விசாரிக்கும்போது முகத்துக்கு நேராக இருந்து, நிதானமாக, முடிந்தால் எழுதிக் காட்டிக் கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அவர் "ஆமாங்க" என்று சொன்னால் தயவுசெய்து இன்னொரு முறை கேட்கவும்.

எழுதி முடித்ததை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது கரண்ட் போய், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடியது. எல்லாம் காதில் விழுந்ததா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். நடுவில் சில வரிகள் விழவில்லை என்று சொன்னேன். தாளை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரியிலிருந்து நானே படித்துப் பார்த்தேன். இதில் உள்ளது நான் சொன்னதுதான், நடந்ததுதான் என்று உறுதி கூறிக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
வி. காந்திமதி