“திரும்பிட்டாங்க” என்று சொன்னோம்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் மாவட்டக் கல்வி அதிகாரி அவர்களே! எங்கள் சிறுவர் இல்லத்தின் இயக்குநர் தெமிர்குல் அவர்களே! இந்தக் குளிரிலும் வந்து நம் மலைநாட்டு நாரின் நகரக் கலையரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜூரா. இல்லத்தில் பிள்ளைகளின் படுக்கையறைகளைப் பார்த்துக்கொள்பவள். எனக்கு மேடையில் பேச வராது, அதட்டத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாத்வியா நாட்டில் பிறந்து, சம்பளம் என்று ஒரு சோம் காசுகூட வாங்காமல், ஆதரவற்ற நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இல்ஸே அம்மையார் மறைந்துவிட்டார். பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கத் தலைநகரம் போனவர், வரும் வழியில் கணவாய்ப் பனியில் வண்டி சறுக்கி இறந்துபோனார். உடலைத் தலைநகரத்துக்கே இறக்கி, அங்கிருந்து விமானத்தில் அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நம்மில் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடக்கூட நமக்குக் கொடுத்துவைக்கவில்லை!

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்கள் நமக்குக் குறைவா? கோடை வந்தால் வந்துவிடுவார்கள். நல்லவர்கள்தான், குறை சொன்னால் என் நாக்கு அழுகும். பாட்டுச் சொல்லித்தருவார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்குவார்கள், படம் எடுப்பார்கள், அழுதுகொண்டே போவார்கள். பெயர் வாயில் பழகுவதற்குள் போய்விடுவதால் பிள்ளைகள் அவர்களுக்கு மாதத்தையே பெயராக வைத்தார்கள். மே அண்ணன், ஜூலை அக்கா. இல்ஸே வந்து இறங்கியதோ அக்டோபரில், யாருமே வராத மாதத்தில். அக்டோபர் அக்கா என்றார்கள். நவம்பர் பிறந்தது, அம்மையார் போகவில்லை. இவரை இனி என்னவென்று கூப்பிடுவது என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே வழக்கு! கடைசியில் ஒரு வாண்டு எழுந்து, “அவங்க பேரத்தான் கேட்டுத் தொலைங்களேன்” என்றது. அன்றிலிருந்துதான் அவர் இல்ஸே அக்கா.

மிட்டாய்ப் பெட்டியும் கேமராவுமாக வருகிற விருந்தினர்களை அவர் வாசலிலேயே மடக்குவார். முதலில் ஒரு வாளி உருளைக்கிழங்கு தோல் சீவ வேண்டும், பிறகுதான் பிள்ளைகளோடு படம். இங்கே தலைமையேற்றிருக்கும் அதிகாரி அவர்களும் சீவியிருக்கிறார். பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று, நாங்கள் வாய் திறக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கடித்த ரொட்டிகள் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்துக் கொடுத்தால், மீதியைத் தின்ன வந்துவிடுவார் என்று மாட்டிவைக்கிறோமே, அந்த ரொட்டிகள்தான். மே அண்ணன் கடித்ததும் இருக்கிறது, ஜூலை அக்கா கடித்ததும் இருக்கிறது. எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டன. தாயார் இறந்த சேதி வந்து இல்ஸே ஊருக்குக் கிளம்பியபோது, சைகால் என்ற நம் பெண்பிள்ளை ஓடிப்போய் ரொட்டியை நீட்டினாள். “கடிச்சவங்க ஒருத்தரும் வரல, பாருடி. அதனால நான் கடிக்க மாட்டேன், ஆனா வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார். சொன்னபடி வந்தும் சேர்ந்தார். அந்த சைகாலுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதற்காகத்தான் இப்போது கண்ணாடி வாங்கப் போனார்.

சபையோரே! இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். மரியாதைக்குரியவர் மறைந்தால் நாம் “செத்தார்” என்று சொல்லுவோமா? வாய் கூசும். “திரும்பிவிட்டார்” என்போம். காலைச் சாப்பாட்டு நேரத்தில் நம் இயக்குநர் எழுந்து, “இல்ஸே அக்கா திரும்பிட்டாங்க, பிள்ளைங்களா” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையைக் குனிந்து தேநீரைக் குடித்து முடித்தார்கள். துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள்!

நொறுங்கிய வண்டியிலிருந்து எடுத்த மூக்குக்கண்ணாடிப் பெட்டி பிறகு வந்து சேர்ந்தது. சைகாலுடையதை எடுத்து நீட்டினேன். தள்ளிவிட்டாள். “போனவங்க எல்லாரும் பார்சல் அனுப்புவாங்க. எனக்கு வேணாம்” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டிகூடக் கடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல், இல்ஸே தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்றே அத்தனை பிள்ளைகளும் நம்பியிருக்கிறார்கள்!

அவளை நிலக்கரிக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனேன்.

“அடியே, அக்கா ஊருக்குப் போகல. செத்துட்டாங்க.”

“நெசமாவா? செத்துத்தான் போனாங்களா?”

“ஆமாண்டி.”

“அப்ப நம்மள விட்டுட்டுப் போகலையா?”

“இல்லடி கண்ணு.”

அவள் சிரித்தாள். ஐயோ, பெரியோர்களே! உயிருக்கு உயிரானவள் செத்துப்போனாள் என்று கேட்டு ஒரு குழந்தை நிம்மதியாகச் சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இல்ஸே! விட்டுவிட்டுப் போகவில்லை என்று இவர்களுக்குக் காட்ட நீ சாக வேண்டியிருந்ததா, தாயே!

சிரித்த பிறகு அவள் என்னிடம் கேட்டாள், “நீங்க எப்ப போறீங்க?”

என் மகன் மாஸ்கோவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். வசந்தத்தில் வருகிறேன் என்று நான் போனில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் மட்டுமா? சமையற்காரி பொட்டலம் கட்டிவிட்டாள். பெரிய பிள்ளைகளின் கணக்கு வாத்தியார் போன இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பிழைப்பு தேடி ஊரே கிளம்புகிறது, யாரைக் குற்றம் சொல்ல? சைகாலை, “குளிருது, உள்ள போடி” என்று அனுப்பிவிட்டேன். அவள் உள்ளே போய் மற்ற பிள்ளைகளிடம் அக்கா செத்துட்டாங்க என்று சொல்லியிருக்கிறாள். மனசுக்குச் சமாதானமாக இவளே கட்டிவிடுகிறாள் என்று அவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். இதுவும் ஒரு வழியனுப்பு விழா, கடைசியில் கேக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? எப்படி நம்பவைப்பேன்? காட்ட ஒரு குழிகூட இல்லையே!

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று நாம் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. இங்கே, பெரியவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டு யாருக்கு என்ன லாபம்? நான் இப்போது இந்த மேடையிலிருந்து இறங்கி நேரே இல்லத்துக்குப் போகிறேன். அக்கா செத்துவிட்டாள் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் அந்த வார்த்தையாலேயே சொல்லப்போகிறேன். சைகாலைப் பார்த்து, “நான் போக மாட்டேன், சாகுற வரைக்கும் இங்கதான்” என்று சொல்லப்போகிறேன். மகன் வசந்தத்துக்குக் காத்திருப்பான். அவனிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன்.

ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் எழுந்து என்னோடு வாருங்கள். முடியாதவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வெளியே தேநீர் வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். தயவுசெய்து இல்லத்துப் பக்கம் மட்டும் வராதீர்கள்.