செவ்வாய்க்கிழமைக் கடை

— அண்ணே, கடை பூட்டியிருக்கு.

— ஆமா தங்கச்சி… அதான் அப்பவே சொன்னேன், வேற பக்கம் போலாம்னு.

— வேற பக்கமெல்லாம் ஆறு நாளா சுத்தியாச்சு. சந்தையில நின்னுக்கிட்டே சூப் குடிச்சேன். ட்ராம்ல தப்பா ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அங்கேயும் ஒரு பன்னு தின்னுட்டு வந்தேன். இந்த நீலக் கதவுக் கடைய மட்டும் உங்க லீவு நாளுக்குன்னு விட்டு வெச்சிருந்தேன். விடிஞ்சா ஃப்ளைட்டு.

— உள்ள ஏதாவது ரிப்பேர் வேலையா இருக்கும்…

— கதவுல என்னமோ எழுதியிருக்கே?

— அது… சும்மா. கடை நேரம்.

— இருபது வருஷமா இங்க இருக்கீங்க. படிச்சுத்தான் சொல்லுங்களேன்.

— செவ்வாய்க்கிழமை விடுமுறைன்னு போட்டிருக்கான்.

— இந்த வாரம் மட்டுமா?

— எப்பவுமே… எனக்குத் தெரிஞ்ச நாளா.

— அதெப்படி? எங்க வீட்டுக்காரரு பன்னெண்டு வருஷம் உங்களோடதானே சலவை ஆலையில இருந்தாரு? ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் சனி, ஞாயிறு, திங்கள் வந்து குவியும், செவ்வாய்க்கிழமை மட்டும்தான் லீவும்பாரே. அன்னிக்கு மத்தியானம் தவறாம போன் பண்ணி, “இப்பத்தான் நீலக் கதவுக் கடையில சாப்பிட்டேன்”னு…

— எதிர்ல பெஞ்சு இருக்கு. கொஞ்சம் உக்காரேன்.

— உக்காந்தாச்சு. சொல்லுங்க.

— இங்க உக்காந்துதான் உனக்குப் போன் பண்ணுவான். லீவு நாள்ல ஆலையில சாப்பாடு கிடையாது. நீ எடுத்ததும் “சாப்பிட்டீங்களா”ன்னுதான் கேப்பே. இல்லன்னு சொல்ல மனசு வராது அவனுக்கு. அந்தச் சுவத்துல பெரிய போர்டு இருக்கு பாரு, படம் படமா… அதப் பாத்து வாரத்துக்கு ஒண்ணா சொல்லுவான். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து.

— அடப்பாவி மனுஷா! இருங்க… முதல்ல வறுத்த மீனு. அப்புறம் நண்டு. அப்புறம் காளான் சூப்… ஐயோ, இதே வரிசைதாண்ணே! அவரு சொல்லச் சொல்ல நான் காலண்டர்ல எழுதி வெப்பேன். அப்ப அந்தக் கடைசிப் படம்? ரோஸ் கலர்ல சுருளா? “நல்ல இனிப்பு, வாயில வெச்சதும் கரைஞ்சிடுச்சு”ன்னாரே!

— அது கை துடைக்கிற துண்டும்மா. சுருட்டி வெச்சிருக்கான்.

— துண்டா! பொழுதுக்கும் துண்டு வெளுத்த ஆளுக்குத் துண்டு தெரியலயா?

— சிரிக்காத… எனக்கும் சிரிப்பு வருது. அன்னிக்கே சொன்னேன். “இனிமே மாத்த முடியாதுடா, சொல்லிட்டேன்”ங்கறான்.

— நிஜமா என்னதான் சாப்பிட்டாரு?

— மூலைக் கடையில முந்தின நாள் ரொட்டி கிடைக்கும். அதுவும் ரெண்டு வாழைப்பழமும். ஆளுக்குப் பாதி.

— அதான்… மக எங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் எடுக்கறேன்னா. இவரு, “எனக்கு முட்டி வலி, நீ போய்ட்டு வா”ன்னுட்டாரு. தினம் ஓடிப் போய் பஸ்ஸு புடிக்கிற முட்டி!

— எப்படியாவது உன்னை அந்தத் தெருப் பக்கம் விடாம பாத்துக்கடான்னு கெஞ்சினான். நான் உளறினேன்னு மட்டும் சொல்லிடாத.

— மூலைக் கடை இன்னும் இருக்கா?

— இருக்கு. ஏன்?

— போய் வாங்கிட்டு வாங்கண்ணே. முந்தின நாள் ரொட்டியே வேணும்.

— வாங்கியாந்துட்டேன், இந்தா. மெதுவா கடி, பல்லு போயிடும்.

— அவரு இந்த பெஞ்சுல எந்தப் பக்கம் உக்காருவாரு?

— இப்ப நீ உக்காந்திருக்கியே, அங்கதான்.

— எனக்கு ஒருத்திக்குன்னு ரசம் வெச்சு சாப்பிடும்போதெல்லாம் நினைப்பேண்ணே… அவராவது அங்க நண்டு திங்கறாரேன்னு. அப்படி நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அது தெரிஞ்சிருக்கு அவருக்கு. இப்ப பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்ண்ணே… ரொம்ப நல்லாருக்கும்.

— போன் அடிக்குது பாரு. அவனாத்தான் இருக்கும்.

— ஹலோ… சொல்லுங்க.

— எங்க இருக்கே? சாப்பிட்டியா?

— இப்பத்தான். உங்க நீலக் கதவுக் கடையில.

— எங்க?

— உங்க கடையிலதாங்க. நீங்க உக்காருற இடத்துலயே உக்காந்து சாப்பிட்டேன்.

— யாரு… அவன் கூட்டிட்டுப் போனானா?

— ஆமா. வறுத்த மீனு, நண்டு, ஒண்ணு விடல. கடைசியில அந்த ரோஸ் கலர் இனிப்பும். நீங்க சொன்ன மாதிரியே… வாயில வெச்சதும் கரைஞ்சிடுச்சு.

— இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே… அந்தக் கடை பூட்டியிருக்குமே.

— பன்னெண்டு வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம எனக்காகத் திறந்து வெச்சீங்களே… இன்னிக்கு ஒரு நாள் உங்களுக்காக நான் திறக்கக் கூடாதா?