ஒரு காலிக் கட்டம்

முதலில் ஒரு சின்னத் திருத்தம் சார். உங்கள் விசாரணை அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். பதினோரு வருட வேலையில் அந்தப் பெயரை நான் எடுத்ததில்லை.

மலையில் காட்டுத்தீ பரவியபோது, அணைக்கப் போன தன்னார்வலர்களின் வருகைப் பதிவு என் பொறுப்பு. காலையில் உள்ளே போனவர்கள் ஒரு அட்டவணை, மாலையில் திரும்பியவர்கள் இன்னொன்று. அடையாள எண்ணை வைத்து இரண்டையும் கணினியில் இணைக்க வேண்டும். ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டால் போனவர்கள் எல்லாரும் பட்டியலில் இருப்பார்கள். திரும்பாதவருக்கு நேரே கட்டம் காலியாக நிற்கும். ‘இன்னர் ஜாயின்’ போட்டால் போய்த் திரும்பியவர்கள் மட்டும்தான் வருவார்கள். மற்றவர் போனதற்கே அடையாளம் இருக்காது.

அன்று மாலை ஐந்தரைக்கு முதல் வகைக் கட்டளையைத்தான் ஓட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு கட்டம் காலி. என் அத்தான்.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணமானதும் வாரத்துக்கு ஒரு போன் என்று சுருங்கிவிட்டாள். அத்தானைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. எப்போது கேட்டாலும், “நல்லா இருக்கேன்டா, நீ சாப்பிட்டியா?” என்பாள். அந்த அளவுக்கு அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

ஒரே ஒரு சொல்லை மாற்றி, மறுபடி ஓட்டினேன். இருநூற்றுப் பதினொன்று. காலிக் கட்டமே இல்லை.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று அதிகாரி கேட்டார்.

“லிஸ்ட்ல இருக்கிற எல்லாரும் வந்தாச்சு சார்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் தேடுதல் குழுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். “அவரை இன்னும் காணோம்டா. நீ கொஞ்சம் பாரேன்.”

“பார்த்துட்டேன்க்கா. லிஸ்ட்ல அவர் பேரே இல்ல. அங்க போகவே இல்ல போல.”

மூன்றாம் நாள் பள்ளத்தில் கிடைத்தார். தீ அந்தப் பக்கம் வரவே இல்லை. கால் மட்டும் முறிந்திருந்தது. இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். படித்தேன்.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். இனிப் பயமில்லை என்று தெரியட்டுமே என, நேற்றுக் காலை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். இன்று நான் இங்கே கிளம்பும்வரை கதவு திறக்கவில்லை. எத்தனை வருடத் தூக்கம் பாக்கியோ, நான் எழுப்பவில்லை.