சிரிக்கிற மூஞ்சி

எங்கள் தீவில், கராச்சர்மா நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியதும் இளையவள் சொன்னாள்: “தினமும் சிரிக்கிற மூஞ்சியைத்தான் அமுக்குறேன் அண்ணி. அழுதுகிட்டே அமுக்குறேன்.”

“எதை அமுக்குறே?”

“மனநல டாக்டர் போன்ல ஒரு ஆப் ஏத்திவிட்டாரு. தூக்கம் வந்துச்சா, மனசு எப்படி இருக்குன்னு காலையில கேக்கும். சிரிக்கிற மூஞ்சி, அழுவுற மூஞ்சின்னு படம் வரும், ஒண்ணை அமுக்கணும். மெயின்லேண்ட்ல யாரோ உக்காந்து பாக்குறாங்களாம்.”

“உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படி அண்ணி? இதே நம்பரைத்தான் ஆபீஸ்லயும் குடுத்திருக்கேன். நான் டெம்பரரி. பாகல், பைத்தியம்னு பேரு வந்தா வேலை போச்சு.”

“டாக்டர் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு.”

“டாக்டர் சொல்ல மாட்டாரு. போன் சொல்லாதுன்னு யாரு கண்டா?”

“அப்புறம் ஏன் இன்னைக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புனே?”

“நேத்து மெசேஜ் வந்துச்சு. நல்ல முன்னேற்றமாம். இனி மூணு மாசம் கழிச்சு வந்தா போதுமாம்.” அவள் குரல் இறங்கியது. “அதுவரைக்கும் நான் இருப்பேனான்னு பயமா இருக்கு அண்ணி.”

அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வரும்வரை விடவில்லை.

“நானும் உள்ளே வரேன். இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு.”

படியில் இளையவள் தயங்கி நின்றாள். “அதையும் கம்ப்யூட்டர்லதானே ஏத்துவாரு?”

“ஏத்தட்டும். நீ உயிரோட இருக்கணும். இறங்கு.”

இருவரும் இறங்கினார்கள்.